சாமி இறங்கிய வீடு

ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, ஆடித் திருவிழா முடிந்த மறுவாரம், மரக்காணத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் காலைப் பேருந்தில் நடந்தது இது. காலஞ்சென்ற என் தம்பியின் மனைவி, அவர்களுடைய மகள், நான் ஆகிய மூவரும் உறவினர் வீட்டுக் காதணி விழாவுக்கு வெள்ளிக் கொலுசு வாங்கப் புறப்பட்டிருந்தோம். முதல் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் பெண் எதுவும் உண்ணவில்லை. இந்தச் சிறு செய்தியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். அன்றைக்கு அது ஒரு செய்தி என்றே எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

கூனிமேடு தாண்டியிருப்போம். சன்னலோரம் அமர்ந்திருந்த பெண்ணுக்கு, கடற்காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருந்தபோதே கழுத்தெல்லாம் வியர்த்தது. கண்கள் ஓரிடத்தில் நிலைகுத்தின. "வரப்பு ஒடையுது, தண்ணியக் கட்டு, தண்ணியக் கட்டு" என்று, தன்னுடையதல்லாத தடித்த குரலில் சொல்லத் தொடங்கினாள். விரல்கள் நடுங்கின. அவளுடைய தாய் கணமும் தயங்காமல் எழுந்து நின்று தலைக்குமேல் கைகூப்பினார்.

"ஆத்தா எறங்கிட்டா. எல்லாரும் எழுந்து நில்லுங்க."

பேருந்தில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். பின்னிருக்கையில் மீன்கூடையோடு வந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நடத்துநர்தான் செய்வதறியாமல் நின்றார்.

"ஏம்மா, ஓடுற வண்டியில சாமி எறங்குனா நான் எப்பிடிம்மா டிக்கெட் போடறது? ஸ்டாப்பிங் வந்து எறங்கச் சொல்லேன்."

"கம்முனு இருய்யா. ஆத்தாகிட்ட வெளையாடாத" என்று மீன்கார அம்மாள் அதட்டினார்.

யாரோ ஓர் எலுமிச்சம்பழத்தை நீட்டினார்கள். தாயோ, "பானகம் வேணும். பானகம் குடுத்தாதான் மலையேறுவா" என்று புலம்பினார். ஓடுகிற பேருந்தில் வெல்லம் கரைத்த பானகத்துக்கு எங்கே போவது? அதற்குள் பெண்ணின் உடல் வில்லாக வளைந்து வெட்டி இழுத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். உதட்டோரம் இரத்தம் வழிந்தது. கைகூப்பியிருந்தவர்கள் கைகளைக் கீழே இறக்கினார்கள்.

அப்போது முன்னிருக்கையிலிருந்து ஓர் இளம்பெண் எழுந்து வந்தார். ஏதோ மருத்துவமனையில் பணி செய்பவர் என்பது உடுத்தியிருந்த சீருடையிலிருந்து தெரிந்தது. பெண்ணை ஒருக்களித்துப் படுக்க வைத்து, "வாயில எதையும் ஊத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்.

"காலைல சாப்பிட்டாங்களா?"

"இல்லம்மா" என்றேன்.

"சுகர் எறங்கி இருக்கிற மாதிரி தெரியுதுங்க."

"சுகர் எறங்கல. ஆத்தா எறங்கி இருக்கா" என்றார் தம்பி மனைவி, கோபமாக.

சீருடைப் பெண் வாதாடவில்லை. ஓட்டுநரிடம் சென்று ஏதோ சொன்னார். அந்த மனிதர் அதற்குப் பிறகு ஒரு நிறுத்தத்திலும் நிறுத்தாமல், சாலையோரம் இருந்த பெரிய மருத்துவமனை ஒன்றின் வாசலிலேயே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார். நடத்துநரும் சீருடைப் பெண்ணும் சேர்ந்து எங்கள் பிள்ளையை உள்ளே தூக்கிச் சென்றார்கள். அந்தப் பெண் யார், எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது பேருந்தும் போயிருந்தது, அவரும் போயிருந்தார்.

அவசரப் பிரிவில் விரல் நுனியில் ஊசி குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்தார்கள். "முப்பதுக்கும் கீழ" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் கை நரம்பில் சர்க்கரை நீரை ஏற்றினார். ஊசியை எடுத்து முடிப்பதற்குள், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பெண் கண்விழித்தாள். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "பெரிப்பா, கொலுசு வாங்கியாச்சா?" என்று கேட்டாள்.

தம்பி மனைவி கையெடுத்துக் கும்பிட்டு, "ஆத்தா மலையேறிட்டா" என்றார்.

எனக்கோ அந்த ஆடி மாதத்து வெக்கையில் உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. ஏன் என்பதைச் சொல்வதற்கு எங்கள் வீட்டைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊர் உப்பளத்தை ஒட்டிய சிற்றூர். பாத்தி கட்டி உப்பு வாருவது எங்கள் தொழில். ஊருக்குள் எங்கள் வீட்டைச் 'சாமி இறங்குற வீடு' என்பார்கள். என் தந்தைக்கு அம்மன் அருள் வரும். அவருக்கு முன்னால் அவருடைய அத்தைக்கு வந்ததாம். தந்தைக்குப் பின் என் தம்பிக்கு வந்தது. திருவிழாவுக்குக் காப்புக் கட்டியது முதல் எங்கள் வீட்டார் பகலெல்லாம் ஒன்றும் உண்ணாமல் விரதம் இருப்பார்கள். மாலையில் பம்பை ஒலிக்கும்போது வியர்த்து, நடுங்கி, கண் நிலைகுத்தி அருள் வரும். வாய் குழறி வருகின்ற சொற்களுக்கு ஊர்ப் பெரியவர்கள் பொருள் சொல்வார்கள். பிறகு ஒரு செம்புப் பானகத்தைக் குடிக்கக் கொடுப்பார்கள். குடித்த சிறிது நேரத்தில் சாமி மலையேறும். இது எங்கள் குலத்து வழக்கம். பானகம் கரைக்காமல் எங்கள் வீட்டில் எவரும் திருவிழாவுக்கு அடியெடுத்து வைத்ததில்லை.

எனக்கு மட்டும் வரவில்லை. மூத்த மகன் என்பதால் எனக்குத்தான் முதலில் வரவேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். நானும் இளமையில் ஆண்டுதோறும் விரதம் இருந்தேன். பம்பைக்காரர்கள் என் காதருகே கைவலிக்க அடித்து ஓய்ந்தார்கள். பசித்ததே தவிர வேறொன்றும் நிகழவில்லை. ஒருமுறை என் தந்தை ஊரார் முன்னிலையில், "இவனுக்கு வராதுப்பா. இவன் கல்லு. சின்னவன நிக்க வைங்க" என்று சொல்லி என்னை விலக்கினார். தம்பி நின்ற முதல் ஆண்டே அவனுக்கு வந்துவிட்டது. கரகம் எடுக்கும் உரிமையும், கோயிலில் முதல் மரியாதையும் அவனுக்குச் சென்றன. நான் கூட்டத்தில் ஒருவனாக ஒதுங்கினேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட நான் கிளை நூலகத்தில் கண்டதையும் படிக்கத் தொடங்கியது அந்த ஆண்டுகளில்தான். சாமி தராததை எழுத்து தரும் என்று அப்போது எண்ணியிருக்கலாம்.

தம்பி நாற்பத்து மூன்று வயதில் இறந்தான். விடிந்தும் விடியாத வேளையில் உப்பு வாரச் சென்றவன், வரப்பின் குறுக்கே குப்புற விழுந்து கிடந்தான். வாரும் பலகை பாத்திக்குள் கிடந்தது. பக்கத்தில், வீட்டிலிருந்து கொண்டுபோன பழைய சோறு தூக்குவாளியில் திறக்கப்படாமல் இருந்தது. 'ஆத்தா தன்னோட கூட்டிக்கிட்டா' என்று ஊர் சொல்லிற்று. நாங்களும் அதையே ஆறுதலாக ஏற்றுக்கொண்டோம். அவனுக்குப் பின் யாருக்கு வரும் என்று ஊர் சில ஆண்டுகள் காத்திருந்தது. பேருந்து நிகழ்ச்சிக்கு முந்தைய வாரம் நடந்த திருவிழாவில், அவன் மகளுக்கு வந்தது. ஊரே மகிழ்ந்தது.

இப்போது வாசகர்களுக்குப் புரிந்திருக்கும். மருத்துவமனைக் கட்டிலருகே நின்ற எனக்கு, நரம்பில் ஏற்றிய சர்க்கரை நீரும் எங்கள் வீட்டுப் பானகமும் ஒன்றாகவே தெரிந்தன. திறக்கப்படாத அந்தத் தூக்குவாளியும் கண்முன் வந்தது.

பெண்ணை அங்கேயே தங்க வைத்தார்கள். நாளமில்லாச் சுரப்பிகளுக்கென்றே தனியாகப் படித்த மருத்துவர் ஒருவர் வந்து பார்த்தார். நடுத்தர வயதுள்ள பெண்மணி. எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டார்.

"வீட்டுல வேற யாருக்காவது இப்பிடி மயக்கம், கைகால் இழுக்கறது இருந்திருக்குதுங்களா?"

தந்தைக்கும் தம்பிக்கும் அருள் வந்த விதத்தை நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவுமில்லை. அடுத்ததாக, "சிறுநீரகத்துல கல்லு?" என்று கேட்டார்.

"கல்லடைப்புங்களா? அது எங்க அப்பாவுக்கு, தம்பிக்கு, ரெண்டு பேருக்குமே இருந்ததும்மா. உப்பளத்துக்காரங்களுக்கு அது சகஜம். வெயிலு, உப்புத் தண்ணி."

"உப்பளத்துல எல்லாருக்குமா ஐயா, இல்ல உங்க வீட்டுலயா?"

எங்கள் உப்பளத்தை ஒவ்வொரு வீடாக மனத்தில் ஓட்டிப் பார்த்தேன். எங்கள் பாத்திக்கு இரு புறமும் வேறு குடும்பங்கள் தலைமுறையாக உப்பு வாருகின்றன. அதே வெயில், அதே கிணறு, அதே உப்புக்காற்று. அவர்களில் ஒருவரும் கல்லடைப்பால் துடித்து நான் பார்த்ததில்லை. அது எங்கள் வீட்டில் மட்டும் இருந்தது. எங்களுக்கு வந்த துன்பத்தையெல்லாம் உப்பின்மேல் போட்டோம். வந்த பெருமையையெல்லாம் அம்மன்மேல் போட்டோம். இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருக்கக்கூடும் என்று எவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

பல சோதனைகளுக்குப் பின் மருத்துவர் விளக்கியதை, எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். பெண்ணின் கணையத்தில் சிறு சிறு கட்டிகள் இருந்தன. நரம்புக்கும் சுரப்பிக்கும் பொதுவான குணமுடைய உயிரணுக்களில் தோன்றும் கட்டிகளாம் அவை. அவற்றில் ஒன்று, உடலின் கட்டுப்பாட்டை மீறி, பசித்த வேளையிலும் இன்சுலினைச் சுரந்துகொண்டிருந்தது. அதனால்தான் வெறும் வயிற்றில் சர்க்கரை அடிமட்டத்துக்குப் போய், மூளை தடுமாறி, உடல் நடுங்கிற்று. கழுத்திலுள்ள சிறு சுரப்பிகளும் பெருத்து, இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தை மிகுதியாக்கியிருந்தன. சிறுநீரகத்தில் கல் விளைவது அதனால். இத்தகைய கட்டிகள் பெரும்பாலோருக்குப் பரம்பரையாக வருவதில்லை என்றும், எங்கள் வீட்டில் தலைமுறைதோறும் வந்திருப்பதால் மரபணுவைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

அந்த மரபணுவுக்கு அவர் சொன்ன பெயர் 'மென் ஒன்று'. ஆங்கில எழுத்துகளின் சுருக்கம்தான். ஆயினும் தமிழில் மென்மையைக் குறிக்கும் ஒலி ஒன்று இத்தனை வன்மையான காரியத்துக்குப் பெயராக அமைந்திருப்பதை எண்ணி நான் வியந்ததுண்டு.

"இந்த ஜீன் நல்லா இருந்தா, செல்லு கண்டபடி பெருகாமப் பாத்துக்கும். அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, நமக்கு ரெண்டு இருக்குது. இவங்களுக்கு அப்பா வழியில வந்தது பிறக்கும்போதே கெட்டுப்போயிருக்கலாம். அம்மா குடுத்த நல்லது ஒண்ணு தாங்கிட்டு இருக்கும். ஏதோ ஒரு செல்லுல அதுவும் கெட்டுப்போச்சுன்னா, அங்க கட்டி ஆரம்பிக்கும்."

"ரெண்டு வரப்பு" என்றேன் நான்.

"என்ன ஐயா?"

"பாத்தியில தண்ணி நிக்கறதுக்கு அடுத்தடுத்து ரெண்டு வரப்பு போட்டிருக்கிறோம். ஒண்ணு ஏற்கெனவே ஒடஞ்சது. இன்னொண்ணு தாங்குது. அதுவும் எங்கயாவது ஒரு எடத்துல ஒடஞ்சா, வெள்ளம்."

"அதே தான்" என்றார் அவர். பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் வருவதற்கும் வராமலிருப்பதற்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றும் சொன்னார். பெண்ணிடம் இரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். அவள் தந்தையின் தலைமுறையில் உயிரோடிருப்பவன் நான் ஒருவனே என்பதால் என்னிடமும் எடுத்தார்கள்.

சில வாரங்கள் கழித்து முடிவு வந்தது. பெண்ணுக்கு அந்த மரபணுவில் பழுது இருந்தது. எனக்கு இல்லை.

"உங்களுக்கு வரல ஐயா. சந்தோஷமான விஷயம்" என்றார் மருத்துவர்.

உங்களுக்கு வரவில்லை. இதே சொற்களை இளமை முழுவதும் கேட்டு, தலைகுனிந்து, ஒதுங்கி வாழ்ந்தவன் நான். எந்த ஒன்று எனக்கு வராமற்போனதால் தந்தையின் அன்பும் ஊரின் மதிப்பும் எனக்கில்லாமற் போயினவோ, அது ஒரு நோயின் பழுது என்று அந்த அம்மையார் சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டார். தந்தை என்னைக் கல் என்றார். கல்லை வயிற்றில் சுமந்து துடித்தவர் அவர். நான் மருத்துவமனை வாசலில் நெடுநேரம் நின்றிருந்தேன். மகிழ்ச்சி வருமா என்று பார்த்தேன், வரவில்லை.

அறுவைச் சிகிச்சை செய்து கணையத்தின் ஒரு பகுதியையும் கழுத்துச் சுரப்பிகளையும் அகற்ற வேண்டும் என்றார்கள். தாமதித்தால், தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கி உயிர் போய்விடலாம். கட்டி பரவவும் கூடும். பெண்ணின் உயிர் அந்த முடிவில்தான் இருந்தது. முடிவெடுக்க வீட்டில் கூடினோம். கோயில் தருமகர்த்தாவையும் தம்பி மனைவி அழைத்திருந்தார்.

"நீ ஏதோ புஸ்தகம் படிக்கிறவன். அதுக்குன்னு ஆத்தா எறங்குற பொண்ண ஆஸ்பத்திரியில போட்டு வயித்தக் கிழிக்கலாமாப்பா?" என்றார் தருமகர்த்தா.

"ஆத்தா இல்லன்னு நான் சொல்லல. பசிச்சாதான் ஆத்தா வராங்க, வெல்லத் தண்ணி குடிச்சா போயிடறாங்க. அத யோசிங்கன்னு சொல்றேன்."

"வெரதம் இருந்தாதான் சாமி வரும். இது ஊருக்கே தெரியும். உனுக்கு இன்னா புதுசா?"

நான் பெண்ணின் தாயைப் பார்த்து, "ஏம்மா, தம்பி எப்பிடிச் செத்தான்னு நெனச்சுப் பாரு. சோத்துவாளி தொறக்காம கெடந்தது" என்றேன்.

அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"உங்களுக்கு வரல மாமா. அவருக்கு வந்துச்சு. அன்னியிலேர்ந்து உங்களுக்கு எரியுது. அவரு செத்தும் உங்களுக்கு ஆறல. இப்ப எம் பொண்ணுகிட்ட இருக்கிறதையும் புடுங்கிப் போடணும். அதானே?"

தருமகர்த்தா தலையைக் குனிந்துகொண்டார். அவரும் அதையேதான் நினைத்திருக்கிறார் என்பது தெரிந்தது. நான் மறுத்துப் பேச வாயெடுத்தேன். ஆனால், எனக்கு எரிந்ததில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. எரிந்தது உண்மை. பல ஆண்டுகள் எரிந்தது. அந்தப் பழைய எரிச்சலை வைத்து நான் இன்று சொல்லும் உண்மையைப் பொய்யாக்கிவிட முடிகிறதே என்று எனக்குக் கசந்தது.

அதுவரை மூலையில் அமர்ந்து இட்லி தின்றுகொண்டிருந்த பெண்தான் பேசினாள். மருத்துவர் சொற்படி அவள் அடிக்கடி ஏதாவது உண்டுகொண்டே இருக்க வேண்டியிருந்தது.

"யம்மா, சாமி வந்தா உங்களுக்கெல்லாம் நல்லா இருக்குது. எனக்கு இன்னா தெரியும் சொல்லு? ஒண்ணும் ஞாபகம் இருக்காது. முழிச்சுப் பாத்தா எல்லாரும் கும்பிட்டுட்டு நிப்பீங்க. எனக்கு நாக்கு வலிக்கும். அவ்ளோதான்." இன்னொரு துண்டு இட்லியை வாயில் போட்டுக்கொண்டு தொடர்ந்தாள். "நாலு இட்லி தின்னா கிட்டவே வராத ஆத்தாவ நம்பி நான் சாவ மாட்டேன். பெரிப்பா, எப்ப போவணும்?"

"இட்லியப் பாத்து ஓடுற சாமியாடி உனக்கு?" என்று தாய் சீறினார்.

"அதத்தான் நானும் கேக்கறேன்" என்றாள் அவள்.

திண்டிவனத்தில் ஒரு துணிக்கடையில் வேலை செய்து, நாளெல்லாம் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லிப் பழகிய பெண் அவள். அவளிடம் எவரும் மேற்கொண்டு பேச்சில் வெல்ல முடியவில்லை. ஆயினும் அறுவைச் சிகிச்சை நடந்த நாளில் என்னோடு வந்து வாசலில் காத்திருக்கத் தாய் வரவில்லை. கோயிலில் விரதம் இருப்பதாகச் சொல்லியனுப்பினார். மகள் சாகக்கூடாது என்று வேண்டினாரா, சாமி போகக்கூடாது என்று வேண்டினாரா, எனக்குத் தெரியாது. இரண்டையும் ஒருங்கே வேண்டியிருப்பார் என்றே இப்போது எண்ணுகிறேன்.

பெண் பிழைத்தாள். உடல் தேறிற்று. ஆண்டுதோறும் சோதனைக்குச் செல்ல வேண்டும். புதிய கட்டிகள் தோன்றலாம். அது வாழ்நாள் முழுவதும் தொடரும் காவல். எனினும் வெறும் வயிற்றில் அவளுக்கு நடுக்கம் வருவதில்லை. அடுத்த ஆடியில் அவள் விரதம் இருந்து பம்பைக்கு முன்னால் நின்றாள். தாயின் மனநிறைவுக்காக, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு வேளை உண்ணாமல் நின்றாள். ஒன்றும் வரவில்லை. பம்பைக்காரர்கள் அடித்து ஓய்ந்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் நான் நின்ற அதே இடத்தில் அவள் நின்றதை நான் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

ஊர் சிரித்தது. 'தம்பி ஊட்டு ஆத்தாவ ஆஸ்பத்திரியில அறுத்து எடுத்துட்டான்' என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு எழுந்தது. தேநீர்க் கடையில் என் காதுபடவே பேசினார்கள். 'ஆத்தா எவ்ளோ பெருசுய்யா இருந்தா?' என்று ஒருவன் கேட்க, 'பட்டாணி அளவாம்' என்று இன்னொருவன் சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பிலிருந்து பெண்ணால் விலகிப்போக முடிந்தது. ஊரை விட்டுப் புதுச்சேரிக்குக் குடிபோய்விட்டாள். எனக்கு வேறு ஊர் இல்லை. தம்பி மனைவி அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

இதோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

தம்பிக்கு ஒரு மகனும் உண்டு; பெண்ணுக்கு இளையவன். மருத்துவர் சொல்லியும் இரத்தம் கொடுக்க வராதவன். உப்பு ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுகிறான். தமக்கைக்குச் சாமி வராமற்போனதற்கு மறு ஆண்டு, அவனை நிறுத்தினார்கள். அவனுக்கு வந்தது. வியர்த்தான், நடுங்கினான், கண் நிலைகுத்திற்று. ஊர் பெருமூச்சு விட்டது. தாயின் முகத்தில் பல ஆண்டுகளுக்குப் பின் ஒளியைக் கண்டேன்.

மறுநாளே அவனைத் தேடிச் சென்றேன். உப்புக் குவியலருகே லாரியில் பாரம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பம்பை ஒலிக்கு ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் நோய் இருப்பதாக நான் எண்ணவில்லை, எண்ணவும் கூடாது. அவனுக்கு வந்தது உண்மையான அருளாகவும் இருக்கலாம், இளைஞனின் ஆவேசமாகவும் இருக்கலாம். ஒரு துளி இரத்தம் அதைச் சொல்லிவிடும். அதைத்தான் கேட்டேன்.

"ஒரே ஒரு தடவ குடுத்துடுப்பா. இல்லன்னு வந்தா நிம்மதி. இருக்குதுன்னா அக்கா மாதிரி பாத்துக்கலாம். நீ வண்டி ஓட்டுறவன். ஸ்டியரிங்கு புடிச்சிட்டு இருக்கும்போது சுகர் எறங்கிட்டா?"

அவன் தார்ப்பாயைக் கட்டியபடியே சிரித்தான். என்மேல் அவனுக்குக் கோபமில்லை. அதுவே எனக்கு அதிகமாக வலித்தது.

"பெரிப்பா, டெஸ்ட்டுல இருக்குதுன்னு வந்தா எவன் எனக்குப் பொண்ணு குடுப்பான்? சாமி எறங்குதுன்னு சொன்னா பிரம்மதேசத்துலேர்ந்து தேடிட்டு வரான். ரெண்டுல எது லாபம்னு நீயே சொல்லு."

"உசிரு லாபம் இல்லியாடா?"

"உசிரு எல்லாருக்கும் ஒரு நாள் போவப்போவுது. பொண்ணு கெடைக்கிறதுதான் கஷ்டம்." லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "கவலப்படாத பெரிப்பா. காலைல நாலு இட்லி தின்னுட்டுத்தான் வண்டி எடுக்கறேன். அக்கா சொல்லிக்குடுத்தா" என்றான்.

ஆக, அவனுக்கும் தெரியும். உணவு உண்டால் வராது என்பதை அறிந்து, வேலை நாளில் உண்டும் திருவிழா நாளில் உண்ணாமலும் இருக்கிறான். அறியாமையோடு போராட நான் ஆயத்தமாக இருந்தேன். அறிந்தே தேர்ந்தெடுப்பவனிடம் என்ன சொல்வது என்று எந்த நூலிலும் நான் படித்ததில்லை. லாரி கிளியனூர்ச் சாலையை நோக்கிப் போனது. வெள்ளைத் துகள்கள் சாலையில் சிந்திக்கொண்டே போயின.

அவனுக்குத் திருமணம் ஆயிற்று. பிரம்மதேசத்துப் பெண்தான். ஒரு குழந்தையும் பிறந்திருக்கிறது. அதற்கு வந்திருக்குமா, வராதிருக்குமா என்று நான் பாதிக்குப் பாதி கணக்குப் போடுகிறேன். என்னைத் தவிர ஊரில் எவரும் அதைப் போடுவதில்லை.

ஒவ்வோர் ஆடியிலும் நான் ஒன்று செய்கிறேன். வீட்டில் வெல்லம் கரைத்து, ஏலமும் சுக்கும் தட்டிப் போட்டு, ஒரு செம்பு நிறையப் பானகத்தோடு கூட்டத்தின் ஓரத்தில் போய் நிற்கிறேன். பம்பை ஒலி உச்சத்துக்குப் போய், அவன் வியர்த்து நடுங்கத் தொடங்கியதும், தம்பி மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வருவார். என் முகத்தைப் பார்க்கமாட்டார். ஒரு சொல் பேசமாட்டார். செம்பை மட்டும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு மகனிடம் விரைவார். அவர் வீட்டிலும் பானகம் இருக்கும். எனினும் என்னுடையதைத்தான் வாங்குகிறார். அவர் எதை நம்புகிறார் என்று நான் கேட்டதில்லை. அவர் ஓடுகிற ஓட்டம் சாமியை மலையேற்றப் போகிறவருடையதாக எனக்குத் தோன்றுவதில்லை. பிள்ளைக்கு உயிர் கொண்டுபோகிற தாயின் ஓட்டம் அது.

எனக்கு அருள் தரவில்லையே என்று இளமையில் எந்தச் சன்னிதியில் அழுதேனோ, அதே சன்னிதியில் இப்போது, இந்த வீட்டில் இனி யாருக்கும் நீ இறங்கவே வேண்டாம் தாயே என்று ஆண்டுதோறும் வேண்டிக்கொள்கிறேன்; அவளுக்குக் காது கேட்கிறதா என்பது அவன் குடித்து முடித்த வெறும் செம்பு என் கைக்குத் திரும்பி வரும் வரையில் எனக்குத் தெரிவதில்லை.